அரை ஏக்கர் காய்கறித் தோட்டத்தை ஐந்து ஏக்கராக்கினால் லாபமும் பெருகுமா?

கேள்வி கேட்டவர் அரை ஏக்கரில் கீரையும் வெண்டை, கத்தரி, தக்காளியும் பயிரிட்டு, கணவனும் மனைவியுமாக உழைத்து, உழவர் சந்தையில் தாங்களே விற்பதாகவும், செலவு போக மாதம் ரூ.22,000 கையில் நிற்பதாகவும் எழுதியிருக்கிறார். பக்கத்தில் ஆழ்துளைக் கிணற்றுடன் நாலரை ஏக்கர் குத்தகைக்கு வருகிறது. எடுத்தால் வருமானம் பத்து மடங்காகுமா என்பது அவருடைய கேள்வி. திண்டுக்கல் மாவட்டத்தில் காய்கறி விவசாயம் செய்பவன் என்ற முறையில் என் பதில் இது: நிலத்தை எடுக்கலாம், ஆனால் இப்போது செய்வதையே பத்து மடங்காகச் செய்தால் நட்டம் வரும். இன்றைய லாபத்துக்குக் காரணமாக இருக்கும் இரண்டு விஷயங்களும் நிலத்தோடு சேர்ந்து பெருகாதவை.

முதலாவது உங்கள் இருவரின் உழைப்பு. இருவருக்கும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ரூ.400 கூலி என்று வைத்து, மாதம் இருபத்தைந்து நாளுக்குக் கணக்கிட்டால் ரூ.20,000 ஆகிறது. அப்படியானால் அந்த ரூ.22,000-இல் தோட்டம் தந்த லாபம் ரூ.2,000 மட்டுமே, மீதி நீங்கள் உங்களுக்கே கொடுத்துக்கொண்ட கூலி. ஐந்து ஏக்கரில் அந்த வேலையை வெளியாட்கள் செய்வார்கள், கூலி கையைவிட்டுப் போகும். நில உரிமையாளரிடம் குத்தகை பேசப் போவதற்கு முன்னால், வீட்டாள் கூலியையும் செலவில் எழுதி ஒரு வருடக் கணக்கைப் பயிர்வாரியாகப் பிரித்துப் பாருங்கள். எந்தப் பயிர் கூலி கொடுத்தும் மிச்சம் வைக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். என் அனுபவத்தில் கீரை இந்தக் கணக்கில் நன்றாகவே தேறும், ஆனால் அது இருபது முப்பது சென்ட்டைத் தாண்டினால் விற்றுத் தீராது.

இரண்டாவது விலை. உழவர் சந்தையில் மொத்த விலையைவிடச் சுமார் இருபது சதவீதம் கூடுதலாகவும், வெளிச் சில்லறை விலையைவிடச் சுமார் பதினைந்து சதவீதம் குறைவாகவும் விலை வைப்பது நடைமுறை. கமிஷன் கிடையாது, கடை வாடகையும் கிடையாது. ஆனால் ஒரு குடும்பம் ஒரு காலையில் தராசு பிடித்து விற்கக்கூடிய சரக்குக்கு ஓர் அளவு உண்டு. ஐந்து ஏக்கர் சரக்கு கமிஷன் மண்டிக்குத்தான் போயாக வேண்டும். அங்கே 14 கிலோ தக்காளிப் பெட்டி ரூ.200-க்கு ஏலம் போவதாக வைத்துக்கொள்வோம். நூற்றுக்குப் பத்து கமிஷன் ரூ.20, வண்டி வாடகையும் இறக்குக் கூலியும் ரூ.20, பறிகூலி ரூ.25 என்று கழித்தால் மிஞ்சுவது ரூ.135, அதாவது கிலோவுக்கு ரூ.10-ஐ எட்டவில்லை. நாற்று, உரம், மருந்து, குச்சி, கயிறு, குத்தகை எல்லாம் இனிமேல்தான் இதிலிருந்து கழிய வேண்டும். 2023 ஜூலையில் சில்லறையில் கிலோ ரூ.100-ஐத் தாண்டிய தக்காளி, அடுத்த இரண்டு மாதத்துக்குள் மண்டியில் பத்து ரூபாய் அளவுக்கு வந்து நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். உச்ச விலையை வைத்துத் திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் அந்த விலை இறங்கும்போதுதான் அறுவடைக்கு வருகிறார்கள், ஏனென்றால் ஊரே அதே வாரத்தில்தான் நாற்று நட்டிருக்கும்.

நிலத்தைப் பார்க்கப் போகும்போது மண்ணைவிடத் தண்ணீரை அளந்து பாருங்கள். கோடையில் காய்கறிப் பயிருக்கு ஒரு நாளைக்கு ஐந்து மில்லிமீட்டர் அளவு நீர் தேவை என்று கொண்டால், சொட்டுநீரிலும் ஏக்கருக்குத் தினம் ஏறத்தாழ 20,000 லிட்டர் வேண்டும். ஐந்து ஏக்கருக்கு ஒரு லட்சம் லிட்டர். இருநூறு லிட்டர் டிரம் ஒன்றைக் குழாயடியில் வைத்து எத்தனை விநாடியில் நிறைகிறது என்று பாருங்கள். 144 விநாடி ஆனால் அது மணிக்கு 5,000 லிட்டர் தரும் கிணறு. ஆறு மணி நேரம் ஓட்டினால் 30,000 லிட்டர், அதாவது கோடையில் ஒன்றரை ஏக்கருக்கு மட்டுமே போதும். இந்த அளவைக் கார்த்திகையில் எடுத்துப் பயனில்லை. சித்திரை, வைகாசியில், அதுவும் மோட்டார் ஓடத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். கிணறு ஒன்றரை ஏக்கருக்குத்தான் தாங்கும் என்றால், நாலரை ஏக்கர் முழுவதற்கும் குத்தகை பேசுவதில் அர்த்தமில்லை. அல்லது மீதி நிலம் மானாவாரிதான் என்று வைத்து விலையைக் குறைத்துப் பேச வேண்டும்.

அடுத்தது பயிர்த் தேர்வு. பெரிய பரப்பில் என்ன போடுவது என்று முடிவு செய்ய நான் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி, பறிப்பு காத்திருக்குமா என்பதுதான். வெண்டை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டிய பயிர். ஆள் வராமல் ஒரு பறிப்புத் தவறினால் காய் முற்றி, மண்டியில் கழிவுக்குப் போகும். பீர்க்கனும் தக்காளியும் அப்படியே. அரை ஏக்கரில் நீங்களே கூடையை எடுத்துக்கொண்டு இறங்கிச் சமாளித்துவிடுவீர்கள், மூன்று ஏக்கர் வெண்டையில் ஆள் வராத ஒரு முகூர்த்த நாள் ஒரு வாரத்து லாபத்தைத் தின்றுவிடும். ஆகவே அரை ஏக்கர் தோட்டத்தை இப்போதுள்ளபடியே சந்தைக்காக வைத்துக்கொண்டு, புதிய நிலத்தில் காத்திருக்கக்கூடிய பயிர்களை வைப்பதே என் பரிந்துரை. சாம்பல் பூசணியும் பரங்கியும் முற்றியபின் நிழலில் பல வாரங்கள் இருக்கும். சேனையை விலை பார்த்துத் தோண்டலாம். சின்ன வெங்காயத்தைத் தாளோடு காயவைத்து, தரையிலிருந்து உயர்த்திக் காற்றோட்டமாகக் கட்டிய பட்டறையில் போட்டால் இரண்டு மூன்று மாதம் தாங்கும். எடை குறையும், அழுகலும் கழியும். ஆனாலும் அறுவடை வாரத்து விலைக்கே கொடுத்தாக வேண்டிய கட்டாயம் இருக்காது. பெரம்பலூர்ப் பக்கத்து விவசாயிகள் பலர் இந்தப் பட்டறையை நம்பித்தான் வெங்காயம் போடுகிறார்கள். முதலீடு அதிகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்: ஏக்கருக்கு 600 கிலோ அளவில் விதை வெங்காயம் வேண்டும், கிலோ ரூ.50 என்றாலும் நடுவதற்கு முன்பே ரூ.30,000 போய்விடும்.

பணத்தைப் பொறுத்தவரை, கிசான் கடன் அட்டையில் ரூ.3 லட்சம் வரையிலான பயிர்க்கடனுக்குத் தவணை தவறாமல் கட்டினால் வட்டி நான்கு சதவீதம் என்பது எந்தத் தனியார் கடனிலும் கிடைக்காத வசதி. மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்குவதைத் தவிர்த்துவிடுங்கள், வாங்கினால் சரக்கை வேறு மண்டிக்குக் கொண்டுபோகும் சுதந்திரம் போய்விடும். டிராக்டர் வாங்க வேண்டாம், ஐந்து ஏக்கருக்கு வாடகை உழவே போதும். களையெடுக்கும் சிறு இயந்திரமான பவர் வீடர் ஒன்று இருந்தால் ஆள் செலவு கண்கூடாகக் குறையும்.

கடைசியாகக் குத்தகைப் பத்திரம். குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955-இல் வந்ததிலிருந்து, எழுதிக் கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்ற அச்சம் நில உரிமையாளர்களுக்கு இருக்கிறது. அதனால் பெரும்பாலான குத்தகைகள் வாய்ப்பேச்சில், ஒரு வருடத்துக்கென்று முடிகின்றன. பட்டாவும் மின் இணைப்பும் உரிமையாளர் பெயரில் இருக்கும். சிறு, குறு விவசாயிகளுக்கு நூறு சதவீத மானியத்தில் கிடைக்கும் சொட்டுநீரை அந்த நிலத்தில் அமைக்க வேண்டுமானால், உரிமையாளரின் ஒத்துழைப்பு இல்லாமல் நடக்காது. சொட்டுநீர், பந்தல், பட்டறை போன்ற நீண்டகாலச் செலவுகளைச் செய்வதாக இருந்தால், குறைந்தது ஐந்து வருடத்துக்கு எழுத்தில் வாங்குங்கள். அவர் ஒரு வருடத்துக்குத்தான் தருவேன் என்றால், அந்த ஒரு வருடம் பூசணி மட்டும் போட்டு, மண்ணையும் கிணற்றையும் மனிதரையும் பார்த்துவிட்டு, மேற்கொண்டு செலவு செய்வதா என்று முடிவு செய்யுங்கள்.