கேள்வி பதில்: எக்செல் ஷீட்டுக்கு என்ன முத்திரை குத்துறது?

கேள்வி: நான் ஒரு யுனிவர்சிட்டி டிபார்ட்மெண்ட் ஆபீஸ்ல வேலை பாக்குறேன். எல்லா ஃபைலையும் பொது, உள் உபயோகம், ரகசியம், அதிரகசியம்னு நாலா பிரிச்சு லேபிள் போடணும்னு சர்க்குலர் வந்திருக்கு. எங்க சார், "எல்லாத்துக்கும் ரகசியம்னு போட்டுரும்மா, வம்பே இல்ல"ங்கிறார். போட்டுரலாமா? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: போடாதீங்கம்மா. டைம் டேபிளுக்கும் ரகசியம், ஆதார் நம்பர் இருக்கிற ஷீட்டுக்கும் ரகசியம்னா பத்து நாள்ல அந்த வார்த்தையை யாரும் கண்ணெடுத்தும் பாக்க மாட்டாங்க. நம்ம அரசு ஆபீஸ்ல ரகசியக் கடிதத்துக்கு மந்தணம்னு ஒரு நல்ல வார்த்தை இருக்கு, கவர் மேல சிவப்புல அது இருந்தா பழைய சூப்பிரண்டுங்க தானே பிரிப்பாங்க, பியூன்கிட்ட கூட குடுக்க மாட்டாங்க. நாள் பூரா மந்தணமா வந்தா அவங்களும் பிரிச்சுப் போட்டுட்டுப் போயிருப்பாங்க. இன்னொண்ணு, ஆர்டிஐல, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல, யாராவது கேட்டா "ரகசியம்னு லேபிள் இருக்கு"ன்னு பதில் எழுத முடியாது, 2005 சட்டத்துல எந்த விலக்குல வருதுன்னு காட்டணும். மாணவர் தன்னோட விடைத்தாளையே கேட்டா காட்டணும்னு 2011லயே சிபிஎஸ்இ வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு.

இப்ப உங்க மேஜையில கட்டாயம் இருக்கிற நாமினல் ரோல் ஷீட்டை, அதான் மாணவர் பட்டியலை, திறங்க. ரெஜிஸ்டர் நம்பர், பேரு, இது உள் உபயோகம். அடுத்து மொபைல், பிறந்த தேதி, கொஞ்சம் உஷாரு. அதுக்கு அடுத்து கம்யூனிட்டி, அப்பா வருமானம், பேங்க் அக்கவுண்ட், ஆதார்னு வரிசையா வரும் பாருங்க, அங்கதான் விஷயமே. முழு ஷீட்டுக்கும் என்ன லேபிள்னா, இருக்கிறதுலயே கடுமையான காலத்துக்கு (column, ஷீட்ல மேலேருந்து கீழ வர்ற வரிசை) என்ன லேபிளோ அதுதான். குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் மாதிரி. அதனால லேபிள் போடுறதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி, இந்த காலம் இந்த ஷீட்ல எதுக்கு இருக்குங்கிறதுதான். அட்டெண்டன்ஸ் எடுக்குற ஷீட்ல கம்யூனிட்டி எதுக்கு? போன வருஷம் ஸ்காலர்ஷிப்புக்கு ரெடி பண்ண ஷீட்டையே காப்பி அடிச்சதால ஒட்டிக்கிட்டு வந்திருக்கும், வேற காரணமே இருக்காது. வெட்டி எறிஞ்சா ஷீட்டே ஒரு படி இறங்கிடும். ஆனா ஹைட் பண்ணாதீங்க, டெலீட் பண்ணுங்க. ஹைட் பண்ண காலத்தை வாட்ஸப் குரூப்ல வாங்குறவங்க ரெண்டே கிளிக்ல அன்ஹைட் பண்ணிடுவாங்க.

நான் முன்னாடி வேலை பாத்த ஒரு காலேஜ்ல ஸ்காலர்ஷிப் லிஸ்ட்டை அப்படியே பிரிண்ட் எடுத்து நோட்டீஸ் போர்டுல ஒட்டிட்டாங்க, கம்யூனிட்டி, வருமானம் எல்லாத்தோடயும். மத்தியானம் போய்ப் பாக்குறேன், ஒரு பொண்ணு தன்னோட வரியில மட்டும் கம்யூனிட்டியை நீல பேனாவால கிறுக்கி அழிச்சிருக்கு. அழிச்சதாலயே வந்தவங்க எல்லாரும் அந்த வரியைத்தான் உத்து உத்துப் பாத்தாங்க. நான்தான் போய்க் கிழிச்சேன், ஆனா காலையிலேருந்து தொங்கினது தொங்கினதுதானே.

கேள்வி: சாதி விவரம் சென்சிட்டிவ் டேட்டான்னு எந்த சட்டத்துல இருக்கு? எங்க கமிட்டில ஒருத்தர் ஆதாரம் காட்டுனாதான் ஒத்துக்குவேன்னு அடம் பிடிக்கிறார். (வாசகர், மதுரை)

பதில்: அவரு கெட்டிக்காரர்தான், ஏன்னா நேரடியா காட்ட முடியாது. ஐடி சட்டத்துக்கு (தகவல் தொழில்நுட்பச் சட்டம்) கீழ 2011ல வந்த விதிகள்ல ஒரு பட்டியல் இருக்கு, பாஸ்வேர்டு, பேங்க் விவரம், உடல்நலம், பயோமெட்ரிக்னு போகும், அதுல சாதி கிடையாது. 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல சென்சிட்டிவ்னு தனி வகையே இல்ல, எல்லாம் ஒரே தனிநபர் தரவுதான், பாதுகாக்கத் தவறினா அபராதம் 250 கோடி ரூபா வரைக்கும் போகலாம். அதாவது சட்டம் உங்களுக்காகப் பிரிச்சுத் தரல, நீங்கதான் பிரிக்கணும். இந்த ஷீட் வெளிய போனா யாருக்கு வலிக்கும்னு அவர்கிட்ட கேளுங்க, நம்ம ஊர்ல சாதி காலம் வெளிய போனா யாருக்கு வலிக்கும்னு தெரிய செக்‌ஷன் நம்பர் வேணுமா? அப்புறம், ஃபர்ஸ்ட் இயர் பசங்கள்ல பாதிப் பேருக்கு 17தான் ஆகியிருக்கும், 18 முடியாதவங்க அந்தச் சட்டப்படி குழந்தைங்க, பெத்தவங்க சம்மதம்னு தனிக் கதை இருக்கு, அதையும் கமிட்டில போடுங்க.

கேள்வி: ஆராய்ச்சிக்காக எடுத்த ஹெல்த் சர்வேல பேர், போன் நம்பர் எல்லாம் எடுத்துட்டேன். இப்ப பொதுன்னு லேபிள் போட்டு எல்லாருக்கும் குடுக்கலாம்ல? (பிஎச்டி மாணவர், கோயம்புத்தூர்)

பதில்: பிறந்த தேதி, ஆணா பெண்ணா, பின்கோடு, இந்த மூணும் ஷீட்ல இருக்கா தம்பி? இருந்தா அவசரப்படாதீங்க. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் அரசு ஊழியர்களோட ஆஸ்பத்திரி டேட்டாவை பேரை மட்டும் எடுத்துட்டு ஆராய்ச்சிக்குக் குடுத்தாங்க. அப்ப மாணவியா இருந்த லடான்யா ஸ்வீனி கேம்பிரிட்ஜ் ஊரோட வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கி ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்து, கவர்னர் வில்லியம் வெல்டோட மருத்துவ விவரத்தையே கண்டுபிடிச்சுட்டாங்க. 1990 சென்சஸை வச்சு அவங்க போட்ட கணக்குல, இந்த மூணு விவரம் தெரிஞ்சாலே அமெரிக்காவுல 87 சதவீதம் பேரைத் தனியா அடையாளம் காணலாம்னு வந்துச்சு. நீங்க சர்வே எடுத்தது ஒரு கிராமத்துலன்னா பிறந்த தேதி கூட வேணாம், "டீச்சர், 52 வயசு, ரெண்டு கிட்னியும் போச்சு"ன்னாலே டீக்கடையில பேரைச் சொல்லிடுவாங்க. வயசை 50-60ன்னு வட்டமாக்குங்க, ஊரை மாவட்டமாக்குங்க, அப்புறம் பாக்கலாம்.

பேருக்குப் பதிலா நம்பர் போட்டுட்டேன்னு சொல்லுவீங்க, தெரியும். பரீட்சை விடைத்தாள்ல டம்மி நம்பர் போடுறோம்ல, ரெஜிஸ்டர் நம்பர் இருக்கிற துண்டைக் கிழிச்சுத் தனியா சீல் வச்சுடறாங்க, திருத்துறவர் கைக்கு அந்தத் துண்டு போகவே போகாது. உங்க கேஸ்ல எந்த நம்பர் யாருன்னு சொல்ற ஷீட் எங்க இருக்கு? அதே ஃபைல்ல ரெண்டாவது டேப்லதானே? அதைத் தனியா எடுத்து அதிரகசியம்னு போட்டு கைடுகிட்ட குடுத்துடுங்க.

கேள்வி: பத்து வருஷ பழைய ஃபைலுக்கெல்லாமா லேபிள் போடணும்? (வாசகர், சேலம்)

பதில்: லண்டன்ல கிரீன்விச் யுனிவர்சிட்டில 2004ல ஒரு ட்ரெய்னிங் மாநாட்டுக்காக ஒரு ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து குட்டி வெப்சைட் ஒண்ணு போட்டாங்க. மாநாடு முடிஞ்சுச்சு, சைட்டை யாரும் மூடல. 2013ல ஒருத்தன் உள்ள நுழைஞ்சான், 2016ல பல பேர் நுழைஞ்சாங்க, அது வழியா 19,500 பேரோட விவரம் போச்சு, அதுல 3,500 பேருக்கு படிப்புல இருக்கிற சிரமம், ஸ்டாஃப் சிக் லீவ் மாதிரி வெளிய சொல்லக் கூடாத விஷயமும் இருந்துச்சு. 2018ல யுனிவர்சிட்டிக்கு 1,20,000 பவுண்டு அபராதம் போட்டாங்க. பழைய ஃபைலுக்கு லேபிள் போட சோம்பலா இருந்தா சரி, வச்சிருக்க வேண்டிய வருஷம் முடிஞ்சதா பாத்து, முடிஞ்சிருந்தா முறைப்படி ஒப்புதல் வாங்கி அழிச்சுடுங்க, லேபிளுக்கு வேலையே இல்ல.