விதைப்பையில் வலியில்லாத சிறு கட்டி: பயப்பட வேண்டுமா, யாரிடம் காட்டுவது?

உங்களுக்கு வயது 28, குளிக்கும்போது இடது விதைக்கு மேல் பட்டாணி அளவில் ஏதோ உருள்கிறது, வலி இல்லை, கல்யாணம் நெருங்குகிறது என்று எழுதியிருக்கிறீங்க. நான் டாக்டர் இல்லைங்க. கோபி பக்கம் மெடிக்கல் வைத்திருக்கிறேன். கடையில் கூட்டம் கலையும்வரை ஓரமாக நின்றுவிட்டு, "அண்ணா, கீழ ஒரு மாதிரி வீக்கமா இருக்குதுங், ஏதாச்சும் ஆயின்மென்ட் இருக்குதுங்களா?" என்று கேட்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதற்கு ஆயின்மென்ட் கிடையாது. எனக்கே வலப்பக்கம் இப்படி ஒன்று இருக்கிறது. ஸ்கேனில் வெறும் நீர்க்கட்டி என்று வந்ததும் அப்படியே விட்டுவிட்டேன்.

முதலில் ஒன்று. "வலி இல்லை, அதனால் ஒன்றும் இருக்காது" என்று நினைக்காதீங்க. விதைப் புற்றுநோய் பெரும்பாலும் வலியில்லாமல்தான் வரும், அதுவும் உங்கள் வயதுக்காரர்களுக்கு. வலியை விட, கட்டி எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. வெந்நீரில் குளித்தபின் பை தளர்ந்திருக்கும். அப்போது இரு விரலால் மெதுவாக உருட்டிப் பாருங்க. விதைக்குப் பின்னால், மேலிருந்து கீழாகக் கொழகொழவென்று ஒரு சுருள் தட்டுப்படும். அது விந்து முதிர்ந்து தங்கும் குழாய், எல்லோருக்கும் உண்டு. அதையே கட்டி என்று நினைத்துத் தூக்கம் கெட்டவர்கள் உண்டு. அந்தக் குழாயில், விதையிலிருந்து தனியாகப் பிரிந்து வழுக்கும் சிறு உருண்டை பெரும்பாலும் நீர்க்கட்டிதான். பெரிதாகித் தொந்தரவு தந்தால் ஒழிய யாரும் கத்தி வைக்க மாட்டார்கள். விதையின் உடம்பிலேயே ஒட்டிக் கெட்டியாக இருந்தால் கதை வேறு, அன்றைக்கே காட்ட வேண்டும்.

நம்ம பக்கம் அதிகம் பேசப்படுவது ஓதம், அதாவது ஹைட்ரோசீல். விதையைச் சுற்றியுள்ள உறைக்குள் நீர் கோத்துக்கொள்ளும். அப்பாரு காலத்தில் வேட்டி மறைத்துக்கொண்டதால் வருசக்கணக்கில் சுமந்தார்கள். கழற்சிக்காயை விளக்கெண்ணெயில் வதக்கிப் பற்றுப் போடுவதும் நடந்தது. கோத்த நீர் அதில் வற்றி நான் பார்த்ததில்லை. இருட்டறையில் டார்ச் அடித்தால் நீர் உள்ள பை செக்கச்செவேல் என்று ஒளிரும். அதை வைத்து வீட்டிலேயே முடிவு கட்டிவிடாதீங்க, நீருக்குப் பின்னால் விதையில் என்ன இருக்கிறது என்று டார்ச் காட்டாது. ஊசி போட்டு நீரை எடுத்தால் பெரும்பாலும் திரும்பக் கோத்துக்கொள்ளும். பெரிய ஓதத்துக்குச் சின்ன ஆபரேஷன்தான் தீர்வு.

இடப்பக்கம், எழுந்து நின்றால் புழு நெளிவதுபோல் திரண்டு, படுத்தால் அமுங்கினால் அது வெரிகோசீல், அதாவது விதையின் ரத்தக்குழாய்கள் புடைத்துக்கொள்வது. நூற்றுக்கு 15 ஆண்களுக்கு உண்டு. இடது விதையின் ரத்தக்குழாய் நேராகச் சிறுநீரகத்தின் ரத்தக்குழாயில் செங்குத்தாகச் சேர்வதால் அந்தப் பக்கம்தான் அதிகம். வலப்பக்கம் மட்டும் வந்தாலோ, படுத்தும் அமுங்காவிட்டாலோ வயிற்றையும் ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். மஞ்சள் மூட்டை தூக்கும் லோடுமேன்கள் கொண்டுவருவது பெரும்பாலும் குடலிறக்கம், இருமினால் பிதுங்கும். அது உள்ளே போகாமல் சிக்கி, வலியும் வாந்தியும் வந்தால் ராத்திரி என்றும் பார்க்கக் கூடாது.

இன்னொன்று உங்களுக்கு இல்லை, வீட்டில் பையன்கள் இருப்பவர்களுக்கு. திடீரென்று விதையில் தாங்க முடியாத வலி, வாந்தி என்றால் விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். 6 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தால்தான் காப்பாற்ற நல்ல வாய்ப்பு. பையன் வெட்கப்பட்டு வயிற்றுவலி என்பான், நாமும் ஓமத் தண்ணி கொடுத்துக்கொண்டிருப்போம்.

கல்யாணம் பற்றிக் கேட்டீங்க. பொண்ணு கிடைப்பதே பெரும்பாடாக இருக்கும் ஊரில் இதை வெளியே சொல்லப் பயப்படுவது புரிகிறது. நீர்க்கட்டியால் குழந்தைப் பேறு பொதுவாகக் கெடாது. வெரிகோசீல் சிலருக்கு விந்தணுவைக் குறைக்கும், அதற்கும் வைத்தியம் உண்டு. ஒரு விதையை எடுக்க நேர்ந்தவர்கள்கூட மற்றொன்றை வைத்துப் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். விதைப் புற்றுநோய் சீக்கிரம் பிடிபட்டால் பெரும்பாலும் முழுசாகக் குணமாகும்.

கோவை அரசு மருத்துவமனையிலோ பெருந்துறை மெடிக்கல் காலேஜிலோ ஓ.பி. சீட்டு போட்டு சர்ஜரி டாக்டரைப் பாருங்க. கையால் தொட்டுப் பார்த்துவிட்டு டாப்ளர் ஸ்கேன், அதாவது ரத்த ஓட்டத்தையும் காட்டும் ஸ்கேன், எழுதுவார். சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனையும். யாராவது கட்டியில் ஊசி குத்திச் சோதிக்கலாம் என்றால் சம்மதிக்காதீங்க. விதையில் கட்டி என்று சந்தேகித்தால் பையில் குத்துவது முறையில்லை, ஆபரேஷன் என்றால் தொடை இடுக்கு வழியாகத்தான் போவார்கள். ஸ்கேனுக்கு வயிறு முட்டத் தண்ணி குடித்து மூத்திரத்தை அடக்கிக்கொண்டு போக வேண்டியதில்லைங்க. ஜெல் கொஞ்சம் ஜில்லென்று இருக்கும், அவ்வளவுதான். எடுப்பவர் பெண்ணாக இருந்தால் கூசாதீங்க, அவருக்கு அன்றைய வேலையில் நீங்களும் ஒரு நம்பர். ஆண் வேண்டும் என்று தோன்றினால் சீட்டு கொடுக்கும் இடத்திலேயே கேட்டுவிடுங்க.