கல்லூரிக்குப் போகும் முன் பள்ளி மாணவர் தானாகவே எப்படித் தயாராகலாம்?

பள்ளியில் இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, அதற்குள் யாரும் சொல்லாமல் நானாகவே என்ன செய்து கல்லூரிக்குத் தயாராகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கல்லூரியில் முதல் வருட மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவன். அங்கே பார்ப்பதை வைத்துச் சொல்கிறேன்.

முதல் பருவத்தில் தடுமாறுகிறவர்களில் பலர் பள்ளியில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள். பாடம் புரியாததால் அவர்கள் தடுமாறவில்லை. பள்ளியில் இன்றைக்கு என்ன படிக்க வேண்டும், நாளைக்கு என்ன தேர்வு என்று யாராவது சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கல்லூரியில் பாடத்திட்டத்தைக் கையில் கொடுப்பார்கள், பருவ முடிவில் தேர்வு வைப்பார்கள். இடையில் படித்தாயா என்று அனேகமாக யாரும் கேட்க மாட்டார்கள். அந்த இடைக்காலத்தை நாமே நடத்திச் செல்லப் பழகுவதுதான் உண்மையான தயாரிப்பு. அதை இப்போதே பழகலாம்.

பள்ளிப் பாடத்தில் இல்லாத, உங்களுக்குப் பிடித்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நிரலாக்கம், உளவியல், வரலாறு எதுவானாலும் சரி. அமெரிக்காவின் எம்ஐடி (MIT) பல்கலைக்கழகம் தன் பாடங்களை இணையத்தில் இலவசமாகத் தரப்போவதாக 2001-ல் அறிவித்தது. இன்று அங்கே 2,500-க்கும் மேற்பட்ட பாடங்கள் இருக்கின்றன. பலவற்றில் பயிற்சிக் கணக்குகளும் பழைய தேர்வுத்தாள்களும்கூட உண்டு. முடித்தால் சான்றிதழ் கிடையாது. இதைப் பரிந்துரைக்க அதுவும் ஒரு காரணம். சான்றிதழுக்காக ஐந்து வகுப்பில் பெயர் கொடுத்து எதையும் முடிக்காமல் விடுவதைவிட, யாருக்கும் காட்டுவதற்கில்லாத ஒரு பாடத்தைக் கடைசிவரை படித்து முடிப்பது மேல். அடிப்படை போதாது என்று தோன்றினால், பள்ளிப் பாடங்களை இலவசமாகச் சொல்லித்தரும் கான் அகாடமி என்ற இணையதளத்தில் தொடங்குங்கள்.

எந்த வாரம் எதை முடிப்பது என்று நீங்களே எழுதி வையுங்கள். சில வாரங்களில் ஆர்வம் வடியும், அது எல்லோருக்கும் நடப்பதுதான். அப்போது எங்கே நின்றீர்கள், ஏன் நின்றீர்கள், மறுபடி எப்படித் தொடங்கினீர்கள் என்று ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள். சேர்க்கைக்குக் கட்டுரை கேட்கும் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும்போதும் அந்த நோட்டு கைகொடுக்கும்.

அப்புறம், படிக்கும் முறை. திரும்பத் திரும்ப வாசிப்பதும் வரிகளுக்கு வண்ணம் பூசுவதும் படித்த மாதிரி ஒரு திருப்தியைத் தரும், ஆனால் மனதில் தங்காது. ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் ஒரு பகுதியினர் பாடத்தை மறுபடி வாசித்தார்கள், மற்றவர்கள் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி வாசித்தவர்கள் முன்னே இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து எழுதிப் பார்த்தவர்கள் நன்றாகவே முந்திவிட்டார்கள். கல்லூரித் தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை. எனவே புத்தகத்தை மூடி வைத்து எழுதிப் பாருங்கள், சில நாள் விட்டு மறுபடியும் எழுதுங்கள்.

உதவி கேட்கவும் பழகுங்கள். புரியாத இடத்தைக் குறிப்பிட்டு, இதுவரை என்ன முயன்றீர்கள் என்றும் சேர்த்து, ஓர் ஆசிரியருக்கு நாலு வரி மின்னஞ்சல் எழுதிப் பாருங்கள். முதல் வருடத்தில் சந்தேகம் கேட்கத் தயங்கியே பின்தங்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கும்.

வீட்டில் தம்பி தங்கையைக் கவனிப்பதும், பகுதிநேர வேலைக்குப் போவதும் உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்கிறதென்றால், மற்றவர்கள் செய்வதை நான் செய்யவில்லையே என்று குறைபட வேண்டாம். நேரத்தையும் பொறுப்பையும் கையாளும் பயிற்சி உங்களுக்கு அங்கேயே கிடைக்கிறது. சொந்தச் செலவுக்குக் கணக்கு எழுதுவது, துணி துவைப்பது, இரண்டு மூன்று வேளை உணவைத் தானே சமைப்பது போன்றவற்றை விடுமுறையில் கற்றுக்கொள்ளலாம்.

இத்தனைக்கும் நேரம் வேண்டுமென்று தூக்கத்தைக் குறைத்துவிடாதீர்கள். 13 முதல் 18 வயதுவரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. நேரம் போதவில்லை என்றால் பாடத்தை இன்னும் நாலு வாரம் நீட்டிக்கொள்ளுங்கள்.