கன்னியாகுமரி மாவட்டத்தில் ஓட்டுகிறேன். என் டி-மாக்ஸில் (Traxxas T-Maxx, நைட்ரோ எரிபொருளில் ஓடும் ரிமோட் கண்ட்ரோல் மாடல் டிரக்) 2.5 சிசி இன்ஜினை எடுத்துவிட்டு 21 இன்ஜின் போடலாமா? எந்தப் பாகங்களை முதலில் மாற்றுவது?

போடலாம். ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஓட்டுகிறேன் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள், அதனால் முதலில் மண்ணைப் பற்றிச் சொல்கிறேன்.

என் வண்டியும் டி-மாக்ஸ்தான். அதன் முதல் இன்ஜினை மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் நானே கொன்றேன். அந்த மணலில் இல்மனைட்டோடு கார்னெட், சிர்கான் என்ற கனிமங்களும் கலந்து கிடப்பது ஊரறிந்த விஷயம். கார்னெட் உப்புத்தாளில் ஒட்டுகிற பொருள். ஏர் ஃபில்டர் பஞ்சில் எண்ணெய் விடாமல் அந்த மணலில் ஓட்டினேன். நாலு டேங்க் முடிவதற்குள், சூடாகி நின்றால் மறுபடி ஸ்டார்ட் ஆகாத நிலைக்கு வந்துவிட்டது. குளச்சலில் வள்ளத்து மோட்டார் பார்க்கும் அண்ணன் ஒருவர் ஃப்ளைவீலை விரலால் சுற்றிப் பார்த்துவிட்டு, “மண்ணத் தின்னிருக்கு மக்களே, பிடிப்பே இல்ல” என்றார். இந்த இன்ஜின்களில் பிஸ்டனுக்கு ரிங் கிடையாது. பிஸ்டன் ஏறி இறங்கும் குழாயான ஸ்லீவ் மேலே போகப்போகக் குறுகும், அங்கே பிஸ்டன் இறுகுவதால்தான் கம்ப்ரஷன். அது தேய்ந்தால் பிஸ்டன், ஸ்லீவ் இரண்டையும் செட்டாக மாற்ற வேண்டியதுதான்.

ஆகவே முதல் செலவு இரண்டடுக்குப் பஞ்சு ஃபில்டர், ஃபில்டர் எண்ணெய், கார்புரேட்டர் வாயில் இறுக்கிக் கட்ட ஒரு ஜிப் டை. இதை வாங்கும்போது பெருமையாக இருக்காது, தெரியும்.

அடுத்து, ஸ்டீயரிங்கைத் திருப்பும் சிறு மோட்டாரான சர்வோவை மெட்டல் கியர் உள்ளதாக மாற்றுங்கள். டிஃபரன்ஷியலைத் திறந்து, கியர்கள் ஆடாதபடி ஷிம் (மெல்லிய வாஷர்) வைத்து கிரீஸ் போடுங்கள். சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் கைகளை அலுமினியத்தில் போட்டால் பளபளப்பாக இருக்கும், ஆனால் அடிபட்டால் வளைந்தது வளைந்ததுதான். நல்ல நைலான் வளைந்து நிமிரும்.

ஸ்பர் கியரை, அதாவது கிளட்சிலிருந்து சக்தியை வாங்கும் பெரிய பல்சக்கரத்தை, மட்டும் அவசரப்பட்டு இரும்பாக்காதீர்கள். பிளாஸ்டிக் ஸ்பர் வீட்டு ஃபியூஸ் மாதிரி. அது பல் போனால் கொஞ்சம் காசோடு போகும். அதை இரும்பாக்கினால் அந்த அடி கியர்பாக்ஸுக்குப் போகும், அங்கேயும் இரும்பு போட்டால் டிரைவ் ஷாஃப்டுக்குப் போகும்.

சரி, இன்ஜின். 21 என்பது 0.21 கன அங்குலம், சுமார் 3.5 சிசி. பிளாக் பெரிதாக இருப்பதால் பழைய மவுண்டில் உட்காராது. மாற்று சேஸிஸ் தகடு, எக்ஸாஸ்ட் ஹெடர், கிளட்ச் என்று பட்டியல் நீளும். நான் சொன்ன இரும்பெல்லாம் அப்போது தேவைதான், மொத்தமாகத் தேவை. வாங்கும் முன் கிராங்க் ஷாஃப்டின் வகையும் நீளமும், எக்ஸாஸ்ட் பின்பக்கமா பக்கவாட்டிலா, கயிறிழுத்து ஸ்டார்ட் செய்யும் புல் ஸ்டார்ட் உண்டா என்று பாருங்கள். நான் ஷாஃப்ட் பார்க்காமல் வாங்கி, கிளட்ச் மாட்ட முடியாமல் இரண்டு மாதம் அலமாரியில் வைத்திருந்தேன். பெரிய இன்ஜின் எரிபொருளையும் அதிகம் குடிக்கும். நைட்ரோ எரிபொருள் விமான கூரியரில் வராது என்பதையும் கணக்கில் சேருங்கள்.

என்னைக் கேட்டால், இருக்கிற 2.5-க்கே புது பிஸ்டன், ஸ்லீவ் போட்டு, முதல் சில டேங்குகளை ரிச்சாக (எரிபொருள் கூடுதலாகப் போகும்படி) வைத்து நிதானமாகப் பழக்குவேன். அப்புறம் எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் நீடில் திருகை ஒவ்வொரு முறையும் கால் திருப்புக்கும் குறைவாகத்தான் திருகுவேன். முழு வேகத்திலும் மெல்லிய புகைக்கோடு தெரிய வேண்டும், ஹெட்டின் சூடு 100 முதல் 120 டிகிரி செல்சியஸுக்குள் நிற்க வேண்டும். ஆரல்வாய்மொழிக் காற்றில் சரியாக இருந்த செட்டிங் சொத்தவிளைக் கடற்கரைப் புழுக்கத்தில் மாறும், எனவே போகும் இடத்தில் எல்லாம் ஒருமுறை பாருங்கள்.

ஓட்டி முடித்ததும் டேங்கைக் காலி செய்து, இன்ஜினுக்குள் ஆஃப்டர்-ரன் எண்ணெய் நாலு சொட்டு விட்டுச் சுற்றிவிடுங்கள். நைட்ரோ எரிபொருளில் இருக்கும் மெத்தனால் ஈரத்தை இழுக்கும். நமக்கோ வருடத்துக்கு இரண்டு மழைக்காலம்.