ஒன்பது டங்க் எடையுள்ள இளவரசி

கேள்வி: இந்தித் தொடர்களில் யாராவது பொய்யாக அழுதால், “நௌடங்கியை நிறுத்து” என்று எதிரில் இருப்பவர் அதட்டுகிறார். அந்தச் சொல்லின் பொருள் என்ன, ஐயா?
– வாசகி, ஈரோடு

பதில்: பாசாங்கு என்ற பொருளில்தான் அங்கே அதட்டுகிறார்கள். ஆனால் நௌடங்கி என்பது உத்தரப் பிரதேசத்தில் செழித்த இசை நாடகக் கலையின் பெயர். விடிய விடியக் கண் விழித்துப் பார்த்த கலையின் பெயரையே வசைச் சொல்லாக்கும் வழக்கம் நமக்கும் உண்டு. “கூத்தடிக்காதே” என்று பிள்ளைகளைத் திட்டாத வீடு எது?

அந்தக் கலைக்குப் பெயர் தந்தது ஒரு கதாநாயகி. பஞ்சாபைச் சேர்ந்த பூல் சிங் என்ற இளைஞன் வேட்டையிலிருந்து திரும்பி அண்ணியிடம் அதிகாரமாகப் பேச, அவளோ, “முல்தான் இளவரசி நௌடங்கியை மணந்து வந்தவன் போலல்லவா மிரட்டுகிறாய்!” என்று குத்திக்காட்டுகிறாள். ரோஷம் பொங்கிய கொழுந்தன் முல்தானுக்கே புறப்பட்டுப் போய், அரண்மனைக்குப் பூக்கட்டித் தரும் பெண்ணின் துணையோடு, பெண் வேடமிட்டு அந்தப்புரத்திற்குள் நுழைகிறான். ‘நௌ’ என்றால் ஒன்பது. ‘டங்க்’ என்பது ஏறக்குறைய நான்கு கிராம் கொண்ட பழைய நிறையளவு. ஆக, இளவரசியின் எடை மொத்தமே முப்பத்தாறு கிராம்! பூவைப் போன்றவள் என்று சொல்ல வந்த கவிஞர் தராசையே கையில் எடுத்துவிட்டார். அதற்கு முன்பு ‘ஸ்வாங்’ என்றும் ‘சங்கீத்’ என்றும் வழங்கிய இக்கலை, இந்தக் கதைக்குக் கிடைத்த வரவேற்பால் நாளடைவில் இளவரசியின் பெயரையே ஏற்றது.

கேள்வி: நௌடங்கியும் நம் தெருக்கூத்தும் ஒன்றுதானா?
– வாசகர், திருவண்ணாமலை

பதில்: ஒன்றல்ல. கதையைத் தொடங்கி வைத்து, இடையிடையே நடத்திச் செல்லும் ‘ரங்கா’ என்ற பாத்திரத்தைப் பார்த்தால் உங்களுக்குக் கட்டியக்காரன் நினைவு வரலாம். ஒப்புமை பெரும்பாலும் அத்துடன் முடிந்துவிடும். உங்கள் பகுதியில் கூத்து திரௌபதி அம்மன் திருவிழாவோடும் பாரதக் கதையோடும் பிணைந்தது. நௌடங்கியோ அரிச்சந்திரனையும் லைலா–மஜ்னுவையும், ஷாஜகானின் அவையில் வாளை உருவிய அமர்சிங் ராத்தோரையும், 1924ஆம் ஆண்டில் தூக்கிலிடப்பட்ட கொள்ளைக்காரன் சுல்தானாவையும் ஒரே மேடையில் ஏற்றும். அதன் மொழியிலும் பிரஜ், கடீபோலி, உருது மூன்றும் கலந்திருக்கும். தோஹா, சௌபோலா, தௌட் என்ற வரிசையில் அமைந்த பாடல்களே கதையைச் சுமந்து செல்கின்றன.

கேட்டுப் பார்க்க வேண்டியது நகாரா என்ற முரசை. பெரியதும் சிறியதுமாக இரண்டு முரசுகளைக் குச்சிகளால் அடிப்பார்கள். சிறியதை நெருப்பில் காய்ச்சித் தோலை இறுக்குவதும், பெரியதை ஈரத்துணியால் தளர்த்துவதும் இரவு முழுவதும் நடக்கும். பாடகர் உச்சக் குரலில் ஓர் அடியைப் பாடி நிறுத்தியதும் முரசு பாய்ந்து வந்து பதில் சொல்லும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் அடுத்த ஊர்க்காரர்களுக்கு அதுவே அழைப்பு. பாட்டின் நுணுக்கத்தை விரும்புபவர் நாதாராம் கௌட் வளர்த்த ஹாத்ரஸ் பாணியை நாடலாம். கான்பூர் பாணியிலோ பார்சி நாடகக் கம்பெனிகளின் தாக்கத்தால் வசனமும் ஆர்ப்பாட்டமும் கூடுதல். என் ஓட்டு ஹாத்ரஸுக்கே.

கேள்வி: பெண்களும் நடித்தார்களா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: நெடுங்காலம் ஆண்களே பெண் வேடம் கட்டினார்கள். அந்த வழக்கத்தை மாற்றியவர்களில் முதலாமவராகப் போற்றப்படுபவர் குலாப் பாய். ஆட்டமும் பாட்டும் பெண்களின் பிழைப்பாக இருந்த பெடியா சமூகத்தில் பிறந்து, 1930களில் திரிமோகன் லாலின் கம்பெனியில் சிறுமியாகச் சேர்ந்த அவர், பின்னாளில் ‘கிரேட் குலாப் தியேட்டர் கம்பெனி’ என்று தம் பெயரிலேயே ஒரு குழுவைத் தொடங்கி நடத்தினார். மேடையேறும் பெண்ணை ஊர் ஒரு கண்ணால் ரசித்து மறு கண்ணால் இகழ்ந்த காலத்தில், கம்பெனியின் பெயர்ப்பலகையில் தம் பெயரைத் துணிந்து எழுதியதை அவருடைய நடிப்புக்குச் சற்றும் குறையாத சாதனையாகவே நான் கருதுகிறேன்.

1990ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது, 1996இல் மறைந்தார். விருது வந்து சேர்ந்த வேளையில், நௌடங்கிக் கூடாரங்களில் சௌபோலாவைக் கேட்பவர்கள் குறைந்து, திரைப்படப் பாட்டுக்கு ஆடச் சொல்லும் கூட்டமே மிகுந்திருந்தது.