நரம்பு தொய்ந்தபோது

வணக்கம் அண்ணா,

நாங்கள் திருவொற்றியூர். சித்தப்பாவிடம் ஃபைபர் படகு இருக்கிறது. போன ஞாயிறு அப்பா, தம்பி, நான் மூன்று பேரும் அவரோடு எண்ணூருக்கு வெளியே, கப்பல்கள் நங்கூரம் போட்டு நிற்கும் பக்கம் போனோம். படகு மெதுவாக ஓட, தம்பி தன் புது தூண்டில் ராடில் லூர் (மீன் மாதிரி இருக்கும் பொய் இரை) கட்டிப் பின்னால் விட்டிருந்தான். முனையில் ஸ்டீல் கம்பி போட்டிருந்தான். திடீரென்று ரீல் அலறியது. பாதி நரம்பு, அதாவது தூண்டில் நூல், போய்விட்டது. "இறுக்குடா, இறுக்குடா" என்று அப்பா கத்தினார். தம்பி ரீலின் பிரேக்கைத் தொடவே இல்லை. சித்தப்பா எஞ்சினை நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் நரம்பு தொய்ந்துவிட்டது. "போச்சு" என்றார் அப்பா. தம்பி ராடைக் கீழே இறக்கிவிட்டான். அப்புறம் பார்த்தால் படகுக்கு ரொம்பப் பக்கத்தில் ஒரே ஒரு இழுப்பு, அவ்வளவுதான். சுற்றி எடுத்ததில் லூர் முழுசாக வந்தது. அதன் மேல் பெயின்ட் உரிந்து ஆழமான கோடுகள்.

சித்தப்பா மயில் கோலா என்கிறார். அப்பா வஞ்சிரம் என்கிறார். மயில் கோலா மணிக்கு 110 கிலோமீட்டர் போகும், யாரால் பிடிக்க முடியும் என்கிறான் தம்பி. இறுக்கியிருந்தால் மீன் கிடைத்திருக்குமா? வீட்டில் இன்னும் அவனைத் திட்டுகிறார்கள். தப்பிய மீன் பிழைக்குமா?

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் தம்பியை விடுவித்துவிடலாம். பிரேக்கை இறுக்காமல் விட்டதுதான் அன்று படகில் நடந்த சரியான காரியம்.

பொதுவாக ரீலின் பிரேக்கை, நரம்பு தாங்கும் எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை வைப்பார்கள். 12 கிலோ தாங்கும் நரம்பு என்றால் மூன்று, நான்கு கிலோ. ஆனால் நரம்பு ஓட ஓட, அது சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூலில் இருக்கும் சுற்று சிறுத்துக்கொண்டே வரும். சுற்றின் விட்டம் பாதியானால், பிரேக்கை யாரும் தொடாமலேயே நரம்பின் மேல் விழும் இழுவை இரண்டு மடங்காகிவிடும். நான்கு கிலோ எட்டாகும். இதற்கு மேல், நூறு மீட்டருக்கும் அதிகமான நரம்பு தண்ணீருக்குள் வளைந்து கிடக்கிறது. அதை இழுத்துப் போகிற சுமை வேறு. அந்த நேரத்தில் அப்பா சொன்னபடி இறுக்கியிருந்தால் நரம்பு தெறித்து, லூரும் வீட்டுக்கு வந்திருக்காது. அந்தக் கட்டத்தில் விவரம் தெரிந்தவர்கள் பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்தத்தான் செய்வார்கள். "இறுக்கு" என்று கத்தத் தோன்றுவது இயல்புதான். எல்லா அப்பாக்களும் அதைத்தான் கத்துகிறார்கள்.

என்ன மீன் என்பதற்கு லூரே சாட்சி. மயில் கோலாவின் வாய்க்குள் இருப்பவை பொடிப் பற்கள். அது கவ்வினால் லூரும், மூக்கு உரசிய இடத்தில் நரம்பும், உப்புத்தாள் தேய்த்தது மாதிரி சொரசொரப்பாகும். ஆழமான கோடு போடாது. தூண்டிலில் மாட்டினால் அது பெரும்பாலும் தண்ணீருக்கு மேலே குதித்து படகின் பாய் மாதிரி விரியும் முதுகுத் துடுப்பைக் காட்டிவிடும். நீங்கள் யாரும் எதையும் பார்க்கவில்லை. சூரையும் வேகமாக ஓடும், ஆனால் அதன் சின்னப் பல்லுக்கு இந்த வேலை வராது. சீலாவுக்குப் பல் உண்டு, இவ்வளவு தூரம் ஓடும் மூச்சு கிடையாது. மீனைக் காணாமல் சத்தியம் செய்ய முடியாதுதான். இருந்தாலும் என் ஓட்டு அப்பாவுக்கு: வஞ்சிரம். ஸ்டீல் கம்பி இல்லாமல் வெறும் நரம்பாக இருந்திருந்தால் முதல் கடியிலேயே கதை முடிந்திருக்கும். அந்த வகையிலும் தம்பிக்கு ஒரு மார்க் கொடுக்கலாம்.

110 கிலோமீட்டர் கதை சுவாரசியமானது. போன நூற்றாண்டில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், தூண்டிலில் மாட்டிய மயில் கோலா ஒன்று மூன்று நொடியில் சுமார் 91 மீட்டர் நரம்பை உருவியதாக ரீலை வைத்துக் கணக்குப் போட்டார்கள். அந்த எண்தான் இன்றுவரை சுற்றி வருகிறது. 2016இல் வெளியான ஓர் ஆய்வில் அந்த மீனின் தசை எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது என்று அளந்து பார்த்தபோது, மணிக்கு 30 கிலோமீட்டர் அளவுதான் வந்தது. ரீல் அலறுவதைக் கேட்டு வேகம் சொன்னால் அப்படித்தான் ஆகும்.

சரி, மீன் எங்கே போனது? வஞ்சிரத்தின் முதல் ஓட்டம் பயங்கரமாக இருக்கும். அது முடிந்ததும் பல நேரம் திரும்பி நேராகப் படகை நோக்கியே வரும். அதற்குக் காற்றுப்பை கிடையாது, அதனால் ஆழம் மாற்றுவதிலும் தயக்கமில்லை. அப்போது நரம்பு தொய்யும். ராடு பிடித்திருப்பவருக்கு மீன் போய்விட்டது என்றே தோன்றும். அந்த நேரத்தில் கை நோகச் சுற்ற வேண்டும், பைத்தியம் மாதிரி சுற்ற வேண்டும். இழுபட்டதில் தூண்டில் முள் குத்திய துளை ஏற்கனவே பெரிதாகியிருக்கும். நரம்பில் இறுக்கம் இல்லாவிட்டால் மீன் தலையை ஒரு உதறு உதறினால் போதும். படகுக்குப் பக்கத்தில் வந்த அந்த ஒரு இழுப்பு, அந்த உதறல்தான். மீன் ஓடியபோது தப்பவில்லை. அப்பா "போச்சு" என்று சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் உங்களோடுதான் இருந்திருக்கிறது.

சித்தப்பா எஞ்சினை நிறுத்தியதையும் சொல்ல வேண்டும். அவர் மேல் குற்றமில்லை, அது கைத்தூண்டில் பழக்கம். கையில் நரம்பு இருந்தால் மீன் திரும்புவது விரலுக்கே தெரிந்துவிடும், இரண்டு கையாலும் மளமளவென்று வாரிவிடலாம். ராடும் ரீலும் வைத்திருக்கிறவருக்கு அந்த வசதி இல்லை. படகு மெல்ல முன்னே நகர்ந்துகொண்டே இருந்தால், மீன் திரும்பி வந்தாலும் நரம்பு அவ்வளவு சீக்கிரம் தொய்யாது. மீன் ஓடி நின்றதும் வேகத்தைக் குறைக்கலாம், அப்போதும் கியரை எடுக்க வேண்டாம். அனல்மின் நிலையப் புகைபோக்கிகளை அடையாளம் வைத்தே இருக்கிற இடத்தைச் சொல்லிவிடுகிற அனுபவஸ்தரிடம் இதை நான் எழுதிக் கொடுத்ததாகச் சொல்லாதீர்கள். தம்பியே பக்குவமாகக் கேட்டுக்கொள்ளட்டும்.

மீன் பிழைக்குமா என்று கேட்டது வீட்டிலேயே நீங்கள் ஒருவர்தான் என்று நினைக்கிறேன். லூர் முழுசாகத் திரும்பிவிட்டதால் அதன் வாயில் முள் எதுவும் இல்லை. படகில் ஏற்றிக் கையாளவும் இல்லை. களைத்திருக்கும், அந்தக் களைப்பில் சுறா எதிரில் வந்தால் கஷ்டம்தான். இல்லையென்றால் பிழைக்கவே வாய்ப்பு அதிகம்.

அடுத்த முறை போகும்போது மீனைக் குத்தித் தூக்கும் கொக்கியை அப்பா கையில் கொடுத்துவிடுங்கள். நரம்பு தொய்ந்தால் "சுற்று" என்று சொல்கிற வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். மீன் படகுக்குள் வந்துவிட்டால் உடனே தலையில் ஒரு அடி போடச் சொல்லுங்கள். உயிரோடு துள்ளுகிற வஞ்சிரத்தின் வாய்ப் பக்கம் யாரும் வெறுங்காலை நீட்டிக்கொண்டு உட்கார வேண்டாம்.