ஹரம், ஹராம், ஹரேம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இஸ்தான்புல் அரண்மனைகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில் சுல்தானின் பெண்கள் வாழ்ந்த பகுதியை ‘ஹரேம்’ என்று எழுதியிருந்தீர்கள். அதே கட்டுரையில் மக்கா பள்ளிவாசல் ‘ஹரம்’ என்று வருகிறது. எங்கள் தெருவில் கடை வைத்திருக்கும் பாய் வட்டி வாங்குவதை ‘ஹராம்’ என்பார். மூன்றும் ஒரே சொல்லா? புனிதமும் பாவமும் எப்படி ஒரே வேரில் முளைக்கும்? இதற்கிடையே எங்கள் வாட்ஸப் குழுவில், ஹரேம் என்பது ‘அரமியம்’ என்ற தமிழ்ச்சொல்லின் திரிபு என்று ஒரு பதிவு சுற்றுகிறது. இந்தக் குழப்பமெல்லாம் எதற்கு, பேசாமல் ‘அந்தப்புரம்’ என்றே எழுதிவிட்டுப் போகலாமே?

வி., திருச்சி

அன்புள்ள வி.,

மூன்றும் ஒரே வேர்தான். அரபியில் பெரும்பாலான சொற்கள் மூன்று மெய்களை வைத்துக்கொண்டு, நடுவில் உயிர்களை மாற்றி மாற்றிப் போட்டு உருவாகின்றன. ஹ, ர, ம் என்ற மூன்றும் சேர்ந்தால் ‘விலக்கப்பட்டது’, ‘கைவைக்கக் கூடாதது’ என்று பொருள். ஏன் கூடாது என்பதை வேர் சொல்வதில்லை. இழிவானது என்பதாலும் இருக்கலாம், உயர்வானது என்பதாலும் இருக்கலாம். கோயில் கருவறைக்குள் நீங்களும் நானும் போக முடியாது. அது கெட்ட இடம் என்பதாலா? (யார் போகலாம் என்பது வேறு சண்டை, அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.)

பாய் சொல்லும் ஹராம், மார்க்கம் தடுத்தது. ஹரம் என்பது மக்காவையும் மதீனாவையும் சூழ்ந்த காப்பெல்லை. அதற்குள் வேட்டையாடக் கூடாது, மரம் வெட்டக் கூடாது. ஹஜ் போகிறவர் பூணும் விலக்கு நிலை இஹ்ராம். முஹர்ரம், போர் விலக்கப்பட்ட நான்கு மாதங்களில் ஒன்று. உருது மேடைகளில் ‘முஹ்தரம்’ என்று விளிப்பார்களே, மதிப்பிற்குரியவர், அவரும் இந்தக் குடும்பம். குடும்பத்தில் ஒரு தறுதலையும் உண்டு: ஹராமி. அரபியில் திருடன் என்று பொருள். அலிபாபாவின் நாற்பது பேரும் பேச்சு அரபியில் ஹராமிகளே.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது மஹ்ரம். ஒரு பெண்ணை மணக்க எந்த ஆணுக்கு என்றைக்கும் விலக்கோ அவன் அவளுக்கு மஹ்ரம்: தந்தை, சகோதரன், மகன். மணக்கத் தடை இருப்பதாலேயே அவனுக்கு வீட்டுக்குள் வரத் தடை இல்லை. மணந்துகொள்ளக்கூடிய அந்நியன்தான் வெளியே நிற்க வேண்டும். அப்படி அவன் நுழையக் கூடாத உள்பகுதி ஹரீம். அங்கிருக்கும் பெண்களும் ஹரீம். வளைகுடாவில் வீட்டு ஓட்டுநராக வேலை பார்த்த நம்மூர்க்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். ஹரீம் என்றால் அங்கே சாதாரணமாக வீட்டுப் பெண்கள், ஹுர்மா என்றால் ஒரு பெண். ஆபாசமோ கிளுகிளுப்போ அந்தச் சொல்லில் கிடையாது.

புனிதமும் பாவமும் ஒன்றாக இருப்பது உங்களுக்கு விந்தையாகத் தோன்றினால், எபிரேயத்தைப் பாருங்கள். அங்கே இதன் உடன்பிறப்பு ‘ஹேரெம்’. யோசுவா எரிகோ நகரைப் பிடிக்கும் இடத்தில், பட்டணமும் அதிலுள்ள யாவும் ‘கர்த்தருக்குச் சாபத்தீடு’ என்று நம் பழைய தமிழ் பைபிள் சொல்கிறதே, அந்தச் சாபத்தீடுதான் ஹேரெம். கடவுளுக்கென்று ஒதுக்கப்பட்டது, ஆகவே மனிதன் தொடக்கூடாதது, ஆகவே அழிக்கப்பட வேண்டியது. பிற்காலத்தில் யூதர்கள் சமூக விலக்கத்துக்கு இச்சொல்லைப் பயன்படுத்தினார்கள். 1656இல் ஆம்ஸ்டர்டாம் யூத சமூகம் இருபத்து மூன்று வயதுத் தத்துவவாதி ஸ்பினோசாவின் மேல் போட்டது இந்த ஹேரெமைத்தான்.

இப்போது உங்கள் வாட்ஸப் பதிவு. அரமியம் அழகான சொல். சிலப்பதிகாரத்தில் மனையறம்படுத்த காதையில் கோவலனும் கண்ணகியும் ஏறும் நிலாமுற்றம் அது. ஆனால் அதுவே ‘ஹர்ம்யம்’ என்ற வடசொல்லின் தமிழ் வடிவம். மாளிகை, மேல்மாடம் என்று பொருள். விலக்கு என்ற கருத்து அதில் துளியும் இல்லை. ஒலி ஒத்துப்போவதாலேயே உறவு வந்துவிடாது. யேமனில் மாரிபு நகருக்கருகே உள்ள பழைய கோயிலை இன்றும் ‘மஹ்ரம் பில்கீஸ்’ என்கிறார்கள். தென்னரேபியக் கல்வெட்டுகளில், இஸ்லாமுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, கோயிலுக்கு இந்த வேரிலிருந்து வந்த சொல்தான் வழங்கியது. இத்தனை சொந்தக்காரர்கள் இருக்கும் சொல்லுக்கு நாம் போய்ப் பெற்றோர் தேட வேண்டியதில்லை.

துருக்கியில் நடந்ததுதான் சுவாரசியம். இஸ்தான்புல்லின் தோப்காப்பி அரண்மனையில் ‘ஹரெமி ஹுமாயூன்’, அதாவது பேரரசரின் ஹரேம், என்ற பெயரைத் தொடக்கத்தில் தாங்கி நின்றது சுல்தான் இருந்த உள்முற்றம். அங்கே நடமாடியவர்கள் ஆண்கள்: அரண்மனைப் பள்ளியில் பயின்ற இளைஞர்களும் அவர்களைக் காத்த, ஆண்மை நீக்கப்பட்ட அண்ணகர்களும். சுல்தான் இருக்கும் இடம், ஆகவே விலக்கப்பட்டது, அவ்வளவுதான். 16ஆம் நூற்றாண்டில் அரச குடும்பப் பெண்கள் பழைய அரண்மனையிலிருந்து படிப்படியாக இங்கே குடிவந்த பிறகுதான் நாம் இன்று சொல்லும் பொருள் அங்கே கெட்டிப்பட்டது.

பெண்கள் பகுதியைக் காத்த கருப்பு அண்ணகர்களின் தலைவரை ‘கிஸ்லர் ஆகா’ என்பார்கள். அந்த நூற்றாண்டின் கடைசியில், மக்கா, மதீனாவுக்காக எழுதிவைக்கப்பட்ட வக்ஃபு சொத்துகளின் மேற்பார்வையும் இவரிடமே வந்துசேர்ந்தது. ஹரேமின் காவலர் ஹரமைனின், அதாவது இரண்டு ஹரம்களின், கணக்கையும் பார்த்தார். மதீனாவில் நபியின் அடக்கத்தலத்தைக் காத்து நின்றவர்களும் அண்ணகர்களே. 20ஆம் நூற்றாண்டிலும் அங்கே இருந்தார்கள். அரண்மனைப் பணி முடிந்த சிலர் அந்தக் குழுவுக்குப் போய்ச் சேர்ந்ததுண்டு. ஒரு வாசலை விட்டு இன்னொரு வாசலுக்கு மாற்றல். இரண்டு இடத்திலும் வேலை ஒன்றே. முகலாயர் பக்கத்திலும் இப்படி ஒரு முடிச்சு இருக்கிறது. அக்பரின் அத்தை குல்பதன் பேகம் அரண்மனைப் பெண்களைத் திரட்டிக்கொண்டு 1576இல் சூரத்தில் கப்பலேறி மக்கா போனார், 1582இல்தான் திரும்பினார். ஹரேமை விட்டு வெளியே வராதவர்கள் என்று நாம் நினைக்கும் பெண்கள், ஹரமுக்குக் கடல் கடந்து போய்வந்தார்கள்.

ஆனால் வேர் புனிதம் என்பதற்காக வீடு புனிதமாகிவிடாது. துருக்கியை ஆண்ட உஸ்மானியரின் ஹரேமில் இருந்த பெண்களில் மிகப் பெரும்பாலோர் காக்கேசியாவிலிருந்தும் கருங்கடலின் வடகரையிலிருந்தும் பிடித்துவரப்பட்ட அடிமைகள். அந்த அண்ணகர்கள் ஆப்பிரிக்காவில் சிறுவர்களாகப் பிடிக்கப்பட்டுச் சிதைக்கப்பட்டவர்கள். சொல்லாராய்ச்சியை வைத்து இதற்கு வெள்ளையடிக்கும் கட்டுரைகள் இப்போது நிறைய வருகின்றன. எனக்கு அவற்றில் ஒப்புதல் இல்லை.

ஐரோப்பா செய்தது வேறு வகை அநியாயம். உள்ளே போக முடியாத இடத்தை அது படமாக வரைந்துகொண்டது. ‘ஓதா’ என்றால் துருக்கியில் அறை. ‘ஓதாலிக்’ அறைப் பணிப்பெண். பிரெஞ்சுக்காரர் அவளை ‘ஓதாலிஸ்க்’ ஆக்கி ஆடையைக் களைந்து மெத்தையில் படுக்க வைத்தார்கள். 1814இல் அப்படியொரு புகழ்பெற்ற ஓவியத்தை வரைந்த ஆங்கர் துருக்கி மண்ணையே மிதிக்காதவர். 1862இல் எண்பத்திரண்டு வயதில் அவர் முடித்த ‘துருக்கியக் குளியல்’ படத்துக்கு உதவியவை, ஆங்கிலத் தூதரின் மனைவி மேரி வோர்ட்லி மாண்டேகுவின் கடிதங்கள். அந்த அம்மாள் நிஜமாகவே போய்ப் பார்த்தவர். 1717இல் சோபியா நகரக் குளியலறையில் பெண்கள் அவரையும் ஆடை களையச் சொன்னார்கள். அவர் சட்டையைத் திறந்து உள்ளே இறுக்கிக் கட்டியிருந்த கச்சையைக் காட்டினார். ஐயோ பாவம், கணவன் இவளை இந்தப் பொறிக்குள் பூட்டி வைத்திருக்கிறான் என்று அவர்கள் நினைத்தார்களாம். ஓவியர் குளியலை எடுத்துக்கொண்டார், கச்சையை விட்டுவிட்டார்.

இந்தப் படங்களின் வழியாகத்தான் சொல் உலகம் சுற்றியது. விலங்கியலில் ஓர் ஆண் கடல்யானை கூட்டிவைத்திருக்கும் பெண்களின் திரள் ஹரேம். ஜப்பானியச் சித்திரக்கதைகளில் ஒரு பையனைப் பல பெண்கள் சுற்றிவரும் கதைவகைக்கு ‘ஹாரெமு’. இரண்டிலும் கதவு இல்லை, விலக்கும் இல்லை. எண்ணிக்கை மட்டும் மிச்சம்.

அந்தப்புரம் என்று எழுதலாமா என்றால், இராமாயணக் கதைக்குத் தாராளமாக எழுதலாம். அந்த வடசொல் ‘உள்ளிடம்’ என்பதோடு நின்றுவிடுகிறது. அர்த்தசாஸ்திரம் அதன் காவலைப் பற்றி விரிவாகப் பேசினாலும், சொல்லுக்குள் காவல் இல்லை. பழந்தமிழில் ‘உவளகம்’ உண்டு; இன்று எழுதினால் அடிக்குறிப்பு போட வேண்டும். சிறைபிடித்த பெண்களை வைத்த இடத்துக்கு வழங்கிய ‘வேளம்’ என்ற சொல்லைச் சோழர் காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கலிங்கத்துப்பரணியின் கடைதிறப்பில் ‘வேளம்புகு மடவீர்’ என்று ஜெயங்கொண்டார் கூப்பிடுவது, தோற்ற பாண்டியரின் பெண்களை. அவர்களுடைய ஆண்கள் காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். அந்தச் சொல்லுக்கு அழகு பூசத் தேவையில்லை, அது உள்ளதைச் சொல்கிறது. உஸ்மானியருக்கு நான் ஹரேம் என்றே எழுதுவேன்.

பி.கு.: உஸ்மானிய சுல்தான் சுலைமானின் மனைவி ஹுர்ரெம் பெயரும் இதே வேரா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். இல்லை. அது ‘குர்ரம்’ என்ற பாரசீகச் சொல், மகிழ்ச்சியானவர் என்று பொருள். ஷாஜஹானின் இயற்பெயரும் அதுவே. அரபி எழுத்தில் அதன் முதலெழுத்தே வேறு.